எட்டாம் கட்டிலின் கட்டைவிரல்

எங்கள் வார்டில் மற்ற எல்லோரும் சிஸ்டர். நான் ஒருவன்தான் பிரதர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் எனக்குத் திரும்பிப் பார்க்கவே தோன்றாது. இப்போது பஸ்ஸில் யாரோ யாரையோ பிரதர் என்றால்கூடத் திரும்பிவிடுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே உள்ள தனியார் மருத்துவமனை அது. நான் இருப்பது விபத்தில் அடிபட்டவர்களுக்கான வார்டு. பன்னிரண்டு கட்டில்கள். பைக்கில் போய் விழுந்தவர்கள், லாரி உரசியவர்கள், மெஷினில் விரலைக் கொடுத்தவர்கள். கேட்கிறவர்களுக்கு இது சோகமான வேலை என்று தோன்றும். "எப்படித்தான் தினமும் பாக்குறியோ" என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் சின்ன வயதுக்காரர்கள். எலும்பு கூடிவிடும். ஸ்ட்ரெச்சரில் வந்தவன் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் போவதை வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்க்கக் கிடைக்கிறது. வேறு எந்த வேலையில் இது கிடைக்கும்?

எட்டாம் கட்டிலுக்கு வந்தவனுக்கு இருபத்திரண்டு வயது. சங்கரன்கோவில் பக்கம் ஊர். இங்கே கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ட்ரெய்னி. காலை வேலையான ஏ ஷிப்ட் முடித்து, இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் அறைக்கு பைக்கில் போகும்போது திருப்பத்தில் வேன் இடித்திருக்கிறது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்திருந்தன. தோல் கிழியவில்லை. பின்பக்கம் அரை மாவுக்கட்டு வைத்துத் துணியால் சுற்றி வார்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஆபரேஷன். எலும்புக்குள் கம்பி வைப்பது. எங்களுக்கு அன்றாடம் நடக்கிற காரியம்.

அப்பா, அம்மா ஊரில். துணைக்கு வந்தவர்கள் அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் ஐந்து பையன்கள். எல்லோரும் தெற்கத்திக்காரர்கள், எல்லோரும் அதே கம்பெனி. நோயாளியோடு இருக்க ஒரு பாஸ்தான் தருவோம். அந்த ஒரு பாஸை ஐந்து பேரும் ஷிப்ட் கணக்கில் மாற்றிக்கொண்டார்கள். ஏ ஷிப்ட் முடிந்தவன் மூன்று மணிக்கு மேல், ராத்திரி சி ஷிப்ட் முடிந்தவன் காலையில், பி ஷிப்ட்காரன் மதியம் வேலைக்குக் கிளம்பும்வரை. வாசலில் நிற்கும் செக்யூரிட்டி இந்த ஊர்க்காரர்.

"இன்னா நைனா, காத்தால வந்தப்போ மீச இருந்துச்சு. இப்போ மீசய காணோம்?"

"வழிச்சிட்டேம்ண்ணே."

"ஒசரமுமா வழிச்சிட்ட? நேத்து அரை அடி கூட இருந்தியே!"

அதற்கு மேல் கேட்க மாட்டார். விட்டுவிடுவார்.

ஐந்து பேரும் சாம்பல் சட்டை, கருநீல பேன்ட், தலையில் கம்பெனித் தொப்பி. ஷிப்டிலிருந்து நேராக வருகிறார்கள், இங்கிருந்து நேராக ஷிப்டுக்குப் போகிறார்கள். சட்டை மாற்ற நேரம் ஏது? மனிதர்கள் மாறிக்கொண்டிருந்தார்கள், சட்டை மாறவில்லை. என் தவறு இங்கேதான் தொடங்கியது.

அன்று எனக்கு மதிய டியூட்டி. மாலை ஏழு மணிக்கு எட்டாம் கட்டிலுக்குப் போய், அங்கே இருந்த சாம்பல் சட்டையிடம் சொன்னேன். "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல தண்ணிகூடக் குடுக்கக் கூடாது. காலைல ஆபரேஷன். வயிறு காலியா இருக்கணும்." அவன் "சரி பிரதர்" என்றான். கட்டிலில் கிடந்தவன் வலிக்குப் போட்ட ஊசியில் பாதித் தூக்கத்தில் இருந்தான். அவனிடமும் சொன்னேன். ம் என்றான். தலைமாட்டில் என்.பி.ஓ. என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்து போட்ட அட்டையை மாட்டினேன். வாய்வழியாக எதுவும் தரக் கூடாது என்பதற்கு நாங்கள் போடும் எழுத்துகள் அவை. நோயாளியின் ஃபைலில், உடனிருப்பவரிடம் விளக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல கையெழுத்து எனக்கு. வீட்டில் முதல்முதலாகக் கையெழுத்துப் போட்டவன் நான்தான் என்பதால் அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மறுநாள் எனக்குக் காலை டியூட்டி. ஏழரை மணிக்கு வந்தவுடன் எட்டாம் கட்டிலை எட்டிப் பார்த்தேன். சாம்பல் சட்டை நின்றிருந்தது.

"நேத்து சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு பிரதர்."

நான் ரத்த அழுத்தம் பார்க்கப் போய்விட்டேன்.

ஒன்பது மணிக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் வந்து, கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டபோது எட்டாம் கட்டில்காரன் தெளிவாகச் சொன்னான். "இப்பத்தாம். எட்டு மணிக்கு. மூணு இட்லி."

கட்டிலருகே நின்ற சாம்பல் சட்டையை விசாரித்தேன்.

நடந்தது இதுதான். நான் மாலையில் சொன்னவன் ராத்திரி சி ஷிப்டுக்குப் போகும்போது அடுத்தவனிடம் சொல்லியிருக்கிறான். அந்த அடுத்தவன் விடியற்காலை ஐந்து மணிக்கு ஏ ஷிப்டுக்குக் கிளம்பியிருக்கிறான். மூன்றாமவன், ஐவரில் நெட்டையாக இருப்பவன், சி ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வந்திருக்கிறான். இவர்கள் இருவருக்கும் நடுவே இரண்டு மணி நேரம் கட்டிலருகே யாருமே இல்லை. நான் ஞாபகம் இருக்கா என்று கேட்டது இந்த நெட்டையனை. அவனை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"அப்புறம் ஏன்ப்பா இருக்குன்னு சொன்ன?"

"நீங்க கேட்டிய. இல்லன்னு சொன்னா மரியாதையா இருக்காதுல்லா."

"தலைமாட்டுல போர்டு மாட்டியிருக்கேனே!"

அவன் நிமிர்ந்து அந்த மூன்றெழுத்தைப் பார்த்தான். "அது டாக்டரோட படிப்புன்னுல்லா நெனச்சேன்."

பக்கத்துக் கட்டில்காரர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு விலா எலும்பு உடைந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இட்லி வாங்கிக் கொடுத்ததற்கு அவனிடம் காரணம் இருந்தது. ஊரில் அடிபட்டவனின் அம்மாவிடம், காலில் சுளுக்கு என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். காலையில் அந்த அம்மா நெட்டையனுக்குப் போன் செய்து, "அவம் பசி தாங்க மாட்டாம்யா, ரெண்டு இட்டிலியாவது வாங்கிக் குடு" என்றிருக்கிறார். சுளுக்குக்காரனுக்கு இட்லி கொடுப்பதில் என்ன தடை? இவன் மூன்றாக வாங்கிக் கொடுத்தான்.

மயக்க மருந்து டாக்டர், ஆறு மணி நேரம் ஆக வேண்டும் என்றார். அதற்குப் பிறகு தியேட்டரில் வரிசையாக வேறு கேஸ்கள். எலும்பு டாக்டர் வார்டுக்கு வந்தார். பின்னாலேயே இன்சார்ஜ் சிஸ்டர்.

"பேஷன்ட்கூட இருக்கறவங்ககிட்ட யார் சொன்னது?"

"நான்தான் சார்."

"யார்கிட்டப்பா சொன்ன?"

நான் திரும்பிப் பார்த்தேன். விஷயம் தெரிந்து பி ஷிப்ட்காரர்கள் இருவர் வந்திருந்தார்கள். மூன்று சாம்பல் சட்டைகள் வரிசையாக நின்றன. இவர்களில் யாருமில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"சாம்பல் சட்டை சார்" என்றேன்.

டாக்டர் ஒன்றும் சொல்லாமல் ஃபைலில் நாளைக்கு முதல் கேஸ் என்று எழுதிவிட்டுப் போனார். இன்சார்ஜ் சிஸ்டர் சொல்லாமல் விடுகிற ஆளில்லை. வாலாஜாபாத்காரர். முப்பது வருஷ சர்வீஸ்.

"எழுதினா போதுமா தம்பி? எழுதிட்டு கையெழுத்து போட்டுக்கினா காதுல ஏறிடுமா? ஒரு நாள் தள்ளிப்போச்சு. கால் வீங்கிக்கினே கீது. ஏதாச்சும் ஆச்சுன்னா அந்தக் கையெழுத்தா வந்து நிக்கும்?"

அவர் சொன்னதில் எனக்குத் தெரியாத ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் நடப்பதுதான். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். டாக்டர், வங்கிக்காரர், ஆசிரியர் யாராக இருந்தாலும், பேசி முடித்துப் புரிந்ததா என்று கேட்டால், "புரிஞ்சுதுங்க" என்று கைகட்டிச் சொல்வார். வெளியே வந்ததும், "இன்னா சொன்னாரு அவரு?" என்று என்னைக் கேட்பார். ஆறாம் வகுப்பிலிருந்தே அவருக்குத் திருப்பிச் சொல்வது என் வேலை. அந்தப் "புரிஞ்சுதுங்க"வின் அர்த்தம் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? வெள்ளைக் கோட்டுப் போட்டு ஒரு வருஷத்தில், அதையே ஒருவன் என்னிடம் சொன்னபோது நம்பிவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

பி ஷிப்ட்காரர்களில் ஒருவன் கண்ணாடி போட்டவன். கம்பெனியில் தரம் பார்க்கிற இடத்தில் வேலை. அவன் என் பின்னாலேயே மருந்து அறை வாசல்வரை வந்தான்.

"பிரதர், எங்க லைன்லயும் இதே கததாம். ஏ ஷிப்ட்காரன் சொன்னேம்பான், பி ஷிப்ட்காரன் கேக்கலேம்பான். நடுவுல பீஸ் நூறு ரிஜெக்ட் ஆயிரும். அதாம் நோட்டுப் போட்டிருக்கு. வாய்ல சொல்லுதது செல்லாது. நோட்டுல எழுதணும், அடுத்து வாரவன் படிச்சுக் கையெழுத்துப் போடணும். அப்பத்தாம் முந்துனவன் கம்பெனி கேட்டத் தாண்டலாம். இங்கயும் ஒண்ணு போட்டிருவோமா?"

"போடுங்க" என்றேன்.

"என்னவெல்லாம் பாக்கணும்னு சொல்லுங்க. சும்மா பாத்துக்கோன்னா நாங்க மூஞ்சத்தாம் பாப்போம்."

அது எனக்கு உறைத்தது. நாங்கள் எல்லோரிடமும், பார்த்துக்கோங்க என்றுதான் சொல்கிறோம். எதைப் பார்ப்பது என்று சொல்வதில்லை. அவனைக் கட்டிலருகே கூட்டிப்போனேன். கட்டுக்கு வெளியே தெரிகிற கால்விரல்களைக் காட்டினேன். நிறம் எப்படி இருக்கிறது, தொட்டால் சூடாக இருக்கிறதா, தொடுவது அவனுக்குத் தெரிகிறதா, விரலை அவனாக ஆட்டுகிறானா. கடைசியாக, கட்டைவிரலைப் பிடித்து மெதுவாகக் கீழே மடக்கினால் வலி கூடுகிறதா.

"அது எதுக்கு?"

"உள்ள வீக்கம் ரொம்ப ஏறினா தசைக்கு ரத்தம் போகாது. வெளிய எல்லாம் நல்லாத்தான் தெரியும். மடக்கினா மட்டும் உயிர் போற மாதிரி கத்துவாங்க. அப்படிக் கத்தினா என்னை உடனே கூப்பிடணும். சில மணி நேரத்துல தோலைக் கீறித் திறந்துவிடலேன்னா பாதம் தூக்க வராம போயிடும்."

இந்த முறை புரிந்ததா என்று கேட்கவில்லை. "நான் என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க" என்றேன். அவன் ஒப்பித்தான். நெட்டையனையும் ஒப்பிக்கச் சொன்னேன். அவன் இரண்டை விட்டுவிட்டான். மறுபடி சொன்னேன்.

எதிரே உள்ள கடையில் நீள நோட்டு ஒன்று வாங்கி வந்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார்கள். மேலே நேரம், நிறம், சூடு, தொடுவது, ஆட்டுவது, மடக்குவது என்று தலைப்பு. கீழே கம்பெனிப் பழக்கப்படி, சரியாக இருந்தால் ஓகே, பழுது என்றால் என்.ஜி. அரை மணிக்கு ஒரு வரி. கடைசிக் கட்டத்தில் கையெழுத்து. பத்து மணிக்கு முதல் வரி எழுதினார்கள். இன்சார்ஜ் சிஸ்டர் அந்தப் பக்கம் போனபோது நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"இது இன்னா, இவன் கார் பார்ட்டா?"

"ஆமா சிஸ்டர். இடது பக்கத்துப் பார்ட்டு" என்றான் கட்டிலில் கிடந்தவனே. வலி குறைந்திருந்தது அப்போது. சிஸ்டர் சிரிக்காமல் நோட்டை வைத்துவிட்டுப் போனார்.

பத்தரை, பதினொன்று, பதினொன்றரை. எல்லாம் ஓகே. பன்னிரண்டு மணிக்கு வலிக்கு ஊசி போட்டேன். பன்னிரண்டரைக்கும் ஓகே. ஒரு மணி வரியில், மடக்குவது என்ற கட்டத்தில், "ஓகே. ஆனா மூஞ்சச் சுளிச்சான்" என்று கண்ணாடிக்காரன் எழுதியிருந்தான். பி ஷிப்டுக்கு அவன் ஒன்றேகாலுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். போகவில்லை. கம்பெனி பஸ் போய்விட்டது. ஒன்றரைக்கு மறுபடி மடக்கிப் பார்த்துவிட்டு, ஆறாம் கட்டிலில் சலைன் மாற்றிக்கொண்டிருந்த என்னிடம் வந்தான்.

"பிரதர், என்.ஜி."

"என்ன ஆச்சு?"

"மத்ததெல்லாம் ஓகேதாம். சூடு இருக்கு. நெறம் இருக்கு. மடக்குனா கத்துதான். ஊசி போட்டு ஒண்ணர மணி நேரந்தாம் ஆச்சு. முந்துன ஊசிக்கு இந்நேரம் தூங்கிட்டுல்லா இருந்தான்?"

பக்கத்தில் இருந்த சிஸ்டர் ஒருவர், சின்னப் பசங்களுக்கு வலி தாங்காது என்றார். நோட்டு இல்லாதிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எல்லா நாளும் கத்துகிறவர்கள் இருக்கிற வார்டு அது. ஆனால் கட்டம் கட்டமாக ஆறு ஓகேவுக்குப் பிறகு ஒரு முகச்சுளிப்பு, அதற்குப் பிறகு என்.ஜி. கண்ணெதிரே இருந்தது.

நான் போய்க் கட்டைவிரலைத் தொட்டு, கால் அங்குலம்கூட மடக்கியிருக்க மாட்டேன். அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "விடுங்கண்ணே, விடுங்க, கும்பிடுதேன்." காலையில் சிஸ்டரிடம் கார் பார்ட்டு என்று வாயடித்தவன். டாக்டருக்குப் போன் செய்தேன். கட்டை முழுக்க வெட்டி விரிக்கச் சொன்னார். நானும் இன்சார்ஜ் சிஸ்டரும் சேர்ந்து வெட்டினோம். முன்காலின் வெளிப்பக்கம் தொட்டால் பச்சைத் தேங்காய் மட்டைபோலக் கெட்டியாக இருந்தது. தோல் பளபளத்தது. கட்டை எடுத்தும் வலி குறையவில்லை. டாக்டர் நோயாளிகள் வரிசையை விட்டுவிட்டு ஓடி வந்து ஒருமுறைதான் தொட்டார்.

"எப்போ சாப்பிட்டான்?"

"காலைல எட்டு மணிக்கு சார்." அதற்கு மட்டும் என்னிடம் நிச்சயமான பதில் இருந்தது.

"தியேட்டருக்குச் சொல்லு. காத்திருக்க முடியாது."

இரண்டே காலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். படிவத்தில் அவனே கையெழுத்துப் போட்டான். என் டியூட்டி இரண்டு மணிக்கே முடிந்திருந்தது. நான் போகவில்லை. தியேட்டர் வாசலில் கண்ணாடிக்காரனோடும் நெட்டையனோடும் உட்கார்ந்திருந்தேன். நெட்டையன் சி ஷிப்ட் முடித்து வந்தவன். இருபது மணி நேரமாகத் தூங்காதவன். சுவரில் சாய்ந்தபடி, "மூணு இட்லி பிரதர், மூணே மூணு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நிறுத்துலே" என்றான் கண்ணாடிக்காரன். "ரெண்டு குடுத்திருந்தா மட்டும் என்ன, ஆப்பரேசன் நடந்திருக்குமோ?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகு வெட்கமாக இருந்தது.

டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கினார். காலின் இரண்டு பக்கமும் தோலையும் உள் உறையையும் நீளமாகத் திறந்துவிட்டிருக்கிறார். எலும்பை வெளியே கம்பிச் சட்டம் போட்டுப் பிடித்திருக்கிறார். தசை பெரும்பாலும் சிவப்பாக, உயிரோடு இருக்கிறது. முன்பக்கத்துத் தசை ஒன்று மட்டும் சந்தேகம். "கட்டைவிரலை அவனா மேல தூக்குறானான்னு பாக்கணும். தூக்கினா பாதம் பிழைச்ச மாதிரி. சில நாள் ஆகும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "யார் முதல்ல கவனிச்சது?" என்றார்.

நான் சாம்பல் சட்டையைக் காட்டினேன். இந்த முறை எந்தச் சாம்பல் சட்டை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை, சுளுக்கில் சந்தேகம் வந்து, அவன் அம்மா வந்தார். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கி, இரண்டு பஸ் மாறி, ஒரு கட்டைப் பையோடு நேராக வார்டுக்கு. செக்யூரிட்டி பாஸ் கேட்டதற்கு, "பெத்ததுக்கு எவன்யா பாஸ் குடுத்தான்?" என்றாராம். கட்டிலருகே வந்து கம்பிச் சட்டத்தையும், தொடைவரை போன கட்டையும் பார்த்தார். முகம் மாறவில்லை. வரிசையாக நின்ற பையன்களைப் பார்த்தார்.

"சுளுக்குன்னு சொன்னியளே. இதாம்ல ஒங்க சுளுக்கு? நாசமாப் போறவனுவளா, சுளுக்குக்கா இம்புட்டுக் கம்பி நட்டிருக்காவ?"

அவர் மகனின் தலைமுடியைக் கோதி, காதைத் திருகி, அதன் பிறகு அழுதார்.

இட்லி விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று பையன்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு ஒளிக்க மனம் வரவில்லை. எங்கள் அம்மாவிடம் ஒரு ஆஸ்பத்திரி எதையாவது மறைத்தால் எனக்கு எப்படி இருக்கும்? மதியம் கட்டு மாற்றும்போது சொன்னேன். நான் ஆளைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்துச் சொன்னதால் ஒரு நாள் தள்ளிப்போனது என்றேன். மகனின் தலையைக் கோதிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"இட்டிலி வாங்கிக் குடுக்கச் சொன்னது நாந்தானய்யா."

"நீங்க சுளுக்குன்னு நெனச்சுச் சொன்னீங்க, அம்மா. உங்க மேல தப்பில்ல."

"காலையிலயே பண்ணியிருந்தா இது வந்திருக்காதோ?"

இதே கேள்வியை முந்தின நாளே டாக்டரிடம் கேட்டிருந்தேன். சொல்ல முடியாது, வராமலும் இருந்திருக்கலாம், ஆபரேஷனுக்குப் பிறகு காலெல்லாம் மரத்திருக்கும்போது வந்து நமக்குத் தெரியாமலே போயிருக்கவும் கூடும் என்றார். அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். நல்லதாகப் போய்விட்டது என்றும் சொல்லவில்லை, என்னால் கெட்டது என்றும் சொல்லவில்லை. அவர் மகனின் காலைப் பார்த்தார்.

"சரி. இனி நான் என்ன பாக்கணும், அதச் சொல்லுங்க."

கட்டைவிரலைக் காட்டினேன். அது மேலே வர வேண்டும்.

அதற்குப் பிறகு அந்த வார்டே ஒரு கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தூக்கு தூக்கு என்று மனதுக்குள் முக்கி, நெற்றி வேர்த்து, பல்லைக் கடித்துப் பார்ப்பான். நான்கு சின்ன விரல்கள் கீழே மடங்கும். கட்டைவிரல் அசையாது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று நோட்டில் ஓகே ஓகே என்று வந்து, கடைசிக் கட்டத்தில் மட்டும் கோடு விழுந்தது. என்.ஜி. என்று எழுத யாருக்கும் கை வரவில்லை. மூன்றாம் நாள் மாலை அவன் என்னைத் தனியாகக் கேட்டான்.

"பாதம் தூக்க வரலன்னா லைன்ல நிக்க விட மாட்டாவல்லா பிரதர்?"

"காலுக்கு ஒரு பட்டை போட்டு நடக்கலாம். ஆனா நின்னு செய்யுற வேலை கஷ்டம்" என்றேன். பொய் சொல்லவில்லை. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான் போகாமல் கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். செய்ய வேறு வேலை இல்லாததுபோல, ஏற்கெனவே சரியாக இருந்த தலையணையைச் சரிசெய்தேன்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணி இருக்கும். அம்மா ஈரத்துணியால் மகனின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். கால் ஞாபகமே அவனுக்கு இல்லை. ஈரம் பட்டுக் கூசியிருக்க வேண்டும்.

"ஏ பிரதரு! பிரதரு! இங்க வாங்க!"

ஓடினேன். மூன்று கட்டில் தள்ளி இருந்த நான் மட்டுமில்லை, விலா உடைந்தவரும் எழுந்து வந்தார்.

"என்னத்துக்கும்மா கத்துத?" என்றான் அவன்.

"போன வையிலே. இப்ப செஞ்சத மறுபடி செய்யி."

"நான் ஒண்ணும் செய்யலயே."

"செஞ்ச. நான் பாத்தேன். தூக்கு."

அவன் போனை வைத்துவிட்டுக் காலைப் பார்த்தான். நான் கட்டைவிரலின் மேல் என் விரலை லேசாக வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு தள்ளல். மிகச் சின்னது. கண்ணால் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். விரலுக்குத் தெரிந்தது. கையை எடுத்தேன். கட்டைவிரல் ஒரு நெல்மணி உயரம் மேலே வந்து, நடுங்கி, இறங்கியது.

அம்மா அவன் முழங்காலில், நல்ல காலில்தான், ஓங்கி ஓர் அடி வைத்தார். "அஞ்சு நாளாக் கொன்னுட்டியேலே பாவி!"

டாக்டர் வந்து பார்த்தார். தூக்கினான். தசை இருக்கிறது, பலம் வர மாதங்கள் ஆகும், ஆனால் வரும் என்றார். காயத்தை மூட வேண்டும், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும், எல்லாம் பாக்கி இருந்தது. அவன் காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. டாக்டர் போனதும் விலா உடைந்தவர், எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றார். அவருக்காகத் தூக்கினான். மூன்றரை மணிக்குச் சாம்பல் சட்டைகள் இரண்டு வந்தன, அவர்களுக்காகத் தூக்கினான். நெட்டையன் கால்மாட்டில் மண்டியிட்டு, கன்னத்தைக் கட்டிலில் வைத்துப் பார்த்தான்.

"இன்னொருக்காலே."

"போலே, நான் என்ன சர்க்கஸா காட்டுதேன்? வலிக்குது."

"வலிச்சாத்தான்லே கால் உன்னுது."

செக்யூரிட்டி வேலை நேரத்தில் வாசலை விட்டு மேலே வந்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்தம்மாந்தூண்டு தூக்கறதுக்கா கீழ இவ்ளோ பேரு வந்து, தூக்குனானான்னு கேட்டுக்கினு போனீங்க?" என்றார். முகமெல்லாம் பல்.

என் டியூட்டி அன்றும் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது இன்சார்ஜ் சிஸ்டர் எட்டாம் கட்டிலுக்குப் போவதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவருக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. மருந்தட்டையை எடுத்துப் பார்த்தார், திரும்ப மாட்டினார். போர்வையைச் சரிசெய்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"எல்லாருக்கும் காட்டுனியாமே. எங்க, எனக்கொரு வாட்டி."

அவன் அலுத்துக்கொண்டே தூக்கினான்.